ஃபுல்லாக அடித்த வழக்கு

“பெட்ரோல் பாவம்மா. அது என்ன தப்பு பண்ணிச்சுன்னு தினமும் போய் அதை அடிக்கிறே?”

பம்பக்காவின் மகள் நாலு வயதில் கேட்ட கேள்வி இது. ‘உங்க அம்மாவுக்கு என்ன வேலை?’ என்று யாரோ குழந்தையிடம் கேட்க, ‘பங்க்குல பெட்ரோல் அடிக்கிறா’ என்று பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டாள். அன்று குழந்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “அடிக்கலைடா தங்கம், ஊத்தறேன். வண்டிக்கும் பசிக்குமில்ல?” என்று தாய் தலையைத் தடவிச் சொன்ன பிறகுதான் தட்டு காலியானது.

குழந்தை கேட்டால் மழலை. அதே கேள்வியைச் சீருடை போட்டவர் கேட்டால் விசாரணை. இந்த வித்தியாசம் பம்பக்காவுக்குப் புரிய, மகள் ஐந்தாம் வகுப்புக்கு வரவேண்டியிருந்தது.

பம்பக்கா என்பது வண்டிக்காரர்கள் வைத்த பெயர். வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். காலையில் பங்க்குக்கு வந்ததும் பம்பின் தலையில் கை வைத்து, “ஆண்டவனே, இன்னைக்கும் எதுவும் பத்திக்காம பாத்துக்கோ” என்று முணுமுணுப்பாள். ஆண்டவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவனுக்கு எத்தனையோ பங்க்குகள். எல்லா இடத்திலும் அவனே கை நீட்ட முடியுமா? சில நேரம் பக்கத்தில் நிற்பவரின் கையை இரவல் வாங்கிக்கொள்கிறான்.

அன்று மதியம், ஷோரூம் வாசனைகூடப் போகாத ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, “ஃபுல்லா அடி” என்றார்.

“ஜீரோ பாத்துக்கங்க சார்” என்று சொல்லிவிட்டு அவள் குழாயைச் செருகினாள்.

கார்க்காரர் ஜீரோவைப் பார்க்கவில்லை. கார்க் கதவில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு சிகரெட் உதட்டுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து பையிலிருந்து லைட்டரும் வந்தது.

“சார், இங்க பத்த வைக்கக் கூடாது.”

“நீ உன் வேலையைப் பாரு.”

“பெட்ரோல் போய்ட்டிருக்கு சார்...”

“உன் வேலையைப் பாருன்னு சொன்னேன்ல?”

பின்னால் ஒரு மழலையர் பள்ளி வேன் வந்து நின்றிருந்தது. ஜன்னலுக்கு இரண்டு முகமாகப் பிள்ளைகள். கார்க்காரரின் கட்டைவிரல் லைட்டரின் சக்கரத்தில் ஏறிவிட்டது. பம்பக்கா வலது கையில் பிடித்த குழாயை விடாமல், இடது கையால் அவர் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். பட்டென்று சத்தம். லைட்டர் பறந்து போய்த் தீயணைக்கும் மணல் வாளிக்குள் சமாதியானது.

“என் மேலயே கையை வெச்சிட்டியா?”

“என் வேலையைத்தான் சார் பாத்தேன்.”

கார்க்காரர் அங்கிருந்து நேராகப் போன இடம் காவல் நிலையம். அவருக்கு மணிக்கட்டு வலிக்கவில்லை. வேனிலிருந்த பிள்ளைகள் சிரித்ததுதான் வலித்தது. ஆனால் சிரிப்பின் மேல் வழக்குப் போடச் சட்டத்தில் இன்னும் இடமில்லை.

சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஒருவர் கை இன்னொருவர் மேல் பட்டதாலேயே குற்றமாகிவிடாது, கெடுதல் செய்யும் எண்ணம் மனதில் இருந்திருக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. நல்ல சட்டம்தான். மனதுக்குள் இருப்பதை ஆண்டவன்தான் அறிவான் என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அதிகாரிகளால் அப்படி ஒதுங்க முடியவில்லை. ஆண்டவனிடமிருந்து தீர்ப்பு வர நாளாகும். வந்தாலும் மேலே அனுப்ப நகல் கிடைக்காது. ஆகவே கடைகளிலும் மருத்துவமனைகளிலும் பங்க்குகளிலும் வேலை செய்பவர்கள் மேல் வரும் அடிதடிப் புகார்களைப் பார்ப்பதற்கென்றே ‘சேவைப் பணியாளர் உள்நோக்கத் தீர்மான வாரியம்’ என்று ஒன்றை அமைத்தார்கள். மனதுக்குள் எட்டிப் பார்ப்பது அதன் வேலை. அதற்குத் தேவையான மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் உடனே வந்து சேர்ந்தன.

ஆனால் முதல் விசாரணை ஸ்டேஷனில்தான். இன்ஸ்பெக்டர் பம்பக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

“அடிச்சியா?”

“யாருக்கு சார்?”

“புதுக் கார்ல வந்தாரே, அவருக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறேன்.”

“ஓ, அவரா? அவருக்கு அடிச்சேன் சார்.”

இன்ஸ்பெக்டர் எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு சீக்கிரம் யாரும் அந்த அறையில் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

“எவ்வளவு அடிச்சே?”

“ஃபுல்லா அடிச்சேன்.”

“ஃபுல்லாவா!”

“அவரேதான் சார் ஃபுல்லா அடின்னாரு.”

“அவரே கேட்டு வாங்கினாரா? சரி, தெரிஞ்சு அடிச்சியா, தெரியாம அடிச்சியா?”

“தெரியாம அடிச்சா வழிஞ்சிடும் சார். கவனம் பூரா அதுலதான் இருக்கணும்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதுக்கு முன்னாடி இப்படி அடிச்சிருக்கியா?”

“விடிஞ்சா அதுதானே சார் வேலை. ஆம்பளை பொம்பளைன்னு பாக்கறதில்லை. வரிசையில யாரு வந்தாலும் அடிக்க வேண்டியதுதான். போன வாரம் நீங்ககூட வந்தீங்க. உங்களுக்கும் நான்தான் அடிச்சேன். மறந்துட்டீங்களா?”

இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்தத் தடவலைப் பார்த்த பிறகுதான் பம்பக்காவுக்கு விஷயம் உறைத்தது. “ஐயையோ, நீங்க அந்த அடியைக் கேக்கறீங்களா? அது அடி இல்லை சார். தட்டு. லைட்டரைத் தட்டிவிட்டேன்.”

“ஓகோ. அது தனியா வேற இருக்கா?”

எழுத்தர் பதிவு செய்தார்: ‘புகார்தாரரை ஃபுல்லாக அடித்தேன். அதன் பிறகு தட்டவும் செய்தேன்.’ வாயிலிருந்து ‘அவருக்கு’ என்றுதான் கிளம்பியது. காகிதத்தில் ‘புகார்தாரரை’ என்று போய் இறங்கிவிட்டது. ‘கு’ போய் ‘ஐ’ வந்தது. கூலிக்குச் செய்த வேலை கொலைவெறித் தாக்குதலாகிவிட்டது.

அதன் பிறகு அவளை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு சிக்கல் எழுந்தது. புகார் கொடுத்தவருக்கு மெத்தை நாற்காலி, சாட்சிக்குப் பெஞ்சு, குற்றவாளிக்குத் தரை. உள்நோக்கம் இன்னும் தீர்மானமாகாதவருக்கு எந்த ஆசனமும் ஒதுக்கப்படவில்லை. எனவே நிற்க வைத்தார்கள்.

நின்றது ஒன்றும் பெரிதில்லை. பங்க்கில் நிற்காத நிலையா? பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஊரில் இல்லை.

“சார், என் பொண்ணு வாசல்ல நிப்பா. ஸ்கூலுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கறேன்.”

“நீ போன்ல பேசினா அதுல என்ன உள்நோக்கம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? வாரியம் இருக்கு. அவங்களைக் கேட்டுத்தான் விட முடியும்.”

கதவோரம் காவலுக்கு ஒரு பெண் போலீஸ் நின்றிருந்தாள். நல்ல உயரம். நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தே பழகியதில் லேசாகக் கூன் விழுந்திருந்தது. அவள் இதையெல்லாம் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காணாமல் போனாள். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்து, அதே கதவோரம் அதே முகத்தோடு நின்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் பம்பக்காவை விட்டார்கள். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனால், மகள் வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட் தூளை விரலால் ஒற்றி ஒற்றித் தின்றுகொண்டிருந்தாள்.

“ஒரு போலீஸ் அக்கா வந்தாங்கம்மா. இவ்ளோ உசரம்! ‘உங்க அம்மா ஒரு நல்ல காரியம் பண்ணிட்டாங்க, அதை எழுதிக் குடுத்துட்டு வர லேட்டாகும்’னாங்க. பிஸ்கட் வாங்கித் தந்தாங்க. என்கூட உக்காந்து வகுத்தல் கணக்குப் போட்டாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவங்களுக்கு மீதியே சரியா வரலைம்மா” என்றாள்.

பம்பக்கா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் அந்த உயரக்காரியைப் பிடித்துக் கையெடுத்துக் கும்பிடப் போனபோது அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

“நானா? டியூட்டில இருக்கறவ நான் எங்கே வந்தேன்? ஆளை மாத்திச் சொல்றீங்கக்கா.” முகம் கல்லாக இருந்தது. கண் மட்டும் சிரித்தது.

வாங்கிக்கொள்ள மறுக்கும் நன்றியை என்ன செய்வது? பம்பக்கா அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். வரும் வழியெல்லாம் அது கனத்தது.

வாரியத்தில் ஆஜராகும் நாளுக்கு முன்பு பங்க் முதலாளி அவளை அழைத்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

“கை தவறிப் பட்டுடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. ‘உள்நோக்கம் இல்லை’ன்னு முத்திரை விழுந்துட்டா மறுநாளே வேலைக்கு வா. விழலைன்னா என்னை மன்னிச்சுக்கோ. உன்னை வெச்சிருந்தா என் லைசென்ஸே போயிடும்.”

“தவறலையே முதலாளி.”

“தவறலைன்னு எனக்குத் தெரியாதா? தவறிடுச்சுன்னு சொல்லுன்னுதானே சொல்றேன்.”

வேலை போனால் வேறு வேலை தேடி நடக்க வேண்டும். அடுத்த மாதம் மகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று தெரியாது. ஒரு பொய், அதுவும் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய், சொன்னால் என்ன? அன்று முழுக்க அவள் இதை மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

வாரியத்தின் தாழ்வாரத்தில் அவளைப் போலவே பலர் நின்றிருந்தார்கள். இங்கேயும் ஆசனம் ஒதுக்கப்படவில்லை. பக்கத்தில் ஒரு முடி திருத்துபவர் சோர்ந்து போய்ச் சுவரில் சாய்ந்திருந்தார்.

“உங்க மேல என்னண்ணே?”

“வெட்டினியான்னு கேட்டாங்க. வெட்டினேன்னேன். எத்தனை பேருக்குன்னாங்க. கணக்கில்லைன்னேன். கத்தியும் என்னுதுதான்னு வேற வாயை விட்டுட்டேன் தாயி.”

அவருக்கு அடுத்து ஒரு நர்ஸ். “நான் தேவலையாண்ணே? ‘குத்தினியா?’ன்னாரு. ‘ஆமா, பின்பக்கமா குத்தினேன்’னேன். ‘எதுக்கு?’ன்னாரு. ‘டாக்டர் குத்தச் சொன்னாரு’ன்னேன். இப்ப டாக்டரையும் தேடிட்டிருக்காங்க. கூட்டுச் சதியாம்.”

மூவரும் சிரித்தார்கள். சிரித்ததற்கு உள்நோக்கம் என்ன என்று காவலாளி எட்டிப் பார்த்தான்.

உள்ளே நீளமான மேஜை. நடுவில் வாரியத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் மொழி அலுவலர். ஓரத்தில் இன்ஸ்பெக்டர். மெத்தை நாற்காலியில் கார்க்காரர். மேஜை மேல் மை ஊறிய பட்டையும், இரண்டு ரப்பர் முத்திரைகளும். ஒன்றில் ‘உள்நோக்கம் உண்டு’. மற்றொன்றில் ‘உள்நோக்கம் இல்லை’. முதலாவது தேய்ந்து போயிருந்தது. இரண்டாவது புத்தம் புதிதாக இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். “பொதுவா எல்லாரும் என்ன சொல்றாங்க? அடுத்தவங்க மனசுல இருக்கறதைக் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்றாங்க. எங்களுக்கு அதுல ஒரு சிரமமும் இல்லை. மக்கள் மனசுல என்ன இருக்குன்னு அவங்களைக் கேக்காமலே முடிவு பண்றதுலதான் எங்க சர்வீஸ் முழுக்கப் போயிருக்கு. ஒண்ணு நல்லா புரிஞ்சுக்கணும். வாடிக்கையாளருக்கு உள்நோக்கம் வராது. அவருக்குக் குறைதான் வரும். உள்நோக்கம்ங்கறது கையில துணியையோ குழாயையோ வெச்சுக்கிட்டு நிக்கறவங்களுக்கு மட்டும் வர்ற வியாதி.”

முதலில் ஃபுல்லாக அடித்த குற்றத்தை எடுத்தார்கள். மொழி அலுவலர் எழுந்து நின்றார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வருமென்று காத்திருந்தவர்.

“ஐயா, ‘அவரை அடித்தேன்’ என்றால் இரண்டாம் வேற்றுமை. அடி அவர் உடம்பில் விழுகிறது. ‘அவருக்கு அடித்தேன்’ என்றால் நான்காம் வேற்றுமை. அடி அவருக்காக, வேறெங்கோ விழுகிறது. இந்த வழக்கில் டேங்க்கில் விழுந்திருக்கிறது. இரண்டாம் வேற்றுமைக்குச் சிறை. நான்காம் வேற்றுமைக்கு ரசீது.”

“அப்படின்னா ஸ்டேஷன்ல எழுதினது தப்பா?”

“தப்பு என்று சொல்ல முடியாது ஐயா. எழுத்தருக்கு உள்நோக்கம் கிடையாதே.”

“பாத்தியாம்மா?” என்று தலைவர் பம்பக்காவிடம் பெருமையாகத் திரும்பினார். “நாங்க பண்ணினா பிழை. நீங்க பண்ணினாத்தான் குற்றம். சரி, அடி போச்சு. இப்ப தட்டுக்கு வா. தட்டினியா?”

“தட்டினேன் சார்.”

“கை தவறித்தானே?” இதைக் கேட்கும்போதே அவர் கை புது முத்திரையின் பக்கம் போனது. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டிருந்தது.

கதவருகே நின்ற முதலாளி, ‘ஆமான்னு சொல்லு’ என்று வாயசைத்தார். ஆண்டவனே, ஒரு வார்த்தைதானே என்று பம்பக்கா நினைத்தாள். அப்போது வேன் ஜன்னல்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

“தவறலை சார். பாத்துத்தான் தட்டினேன்.”

“என்னம்மா இது! உனக்கு நல்லதுக்குத்தானே கேக்கறேன்?”

“தவறிப் பட்டதுன்னு இன்னைக்குச் சொல்லிட்டா, நாளைக்கு இன்னொருத்தரு பத்த வெக்கும்போது நான் என்ன சார் பண்றது? கை தவறட்டும்னு காத்துட்டு நிக்கறதா? என்னைப் பாத்து மத்த பம்புல நிக்கறவங்க கையைக் கட்டிக்கிட்டா, அந்த வேன்ல இருந்த புள்ளைங்க யாருகிட்ட போய் நிக்கும்? தெரிஞ்சுதான் தட்டினேன். எல்லாரும் உசுரோட வீட்டுக்குப் போகணும்னு தட்டினேன். அவரும் சேர்த்துத்தான்.”

கார்க்காரர் நாற்காலியில் நெளிந்தார்.

“அப்ப உள்நோக்கம் இருந்திருக்கு” என்றார் தலைவர்.

“இருந்துச்சு சார். நல்ல நோக்கம்.”

தலைவர் மேஜையைப் பார்த்தார். முத்திரைகளைப் புரட்டிப் பார்த்தார். மேஜைக்குக் கீழேகூடக் குனிந்து தேடினார்.

“நல்ல நோக்கம்னு ஒரு முத்திரை இல்லையேம்மா. அது அரசாங்கத்துக்கு மட்டும்தான் உண்டு. தனியாருக்குத் தர்றதில்லை.”

“அப்ப செஞ்சு வெச்சுக்கங்க சார். ரப்பர்தானே?”

அந்த அறையில் அப்படி யாரும் பேசியதில்லை. தலைவரின் முகம் சிவந்தது. பழைய முத்திரையை எடுத்து மையில் அழுத்தியவர், பிறகு என்ன தோன்றியதோ, கீழே வைத்தார்.

“ஸ்தல ஆய்வு!” என்று அறிவித்தார். “சம்பவத்தை அங்கேயே நடிச்சுப் பாப்போம். இந்தம்மா மனசுல அந்த நோக்கம் எந்த இடத்துல பொறக்குதுன்னு நேருக்கு நேரா பாத்துட்டு, நானே முத்திரை வெக்கறேன். இனிமே இந்த மாதிரி வாய் எந்தப் பம்புலயும் பேசக் கூடாது.”

ஸ்தல ஆய்வு அன்று பங்க்கைக் கழுவிக் கயிறு கட்டியிருந்தார்கள். மொழி அலுவலர் குறிப்பெடுக்க நின்றார். இன்ஸ்பெக்டர் கூட்டத்தை விலக்கினார். கூட்டம் இல்லாததால் காற்றுப் பிடிக்கும் ஆளை மட்டும் விலக்கினார். கார்க்காரர் தெருவோரமாக ஒதுங்கி நின்றார். பம்பக்கா சீருடை போட்டுக்கொண்டு தன் பம்பருகே வந்தாள். கையை அதன் தலையில் வைத்து வழக்கமான நாலு வார்த்தைகளை முணுமுணுத்தாள். மொழி அலுவலர் அதையும் குறித்துக்கொண்டார்.

தலைவரின் கார் வந்து நின்றது. இறங்கியதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. “வந்தது வந்தோம், டேங்க்கும் காலியாத்தான் இருக்கு. நடிச்ச மாதிரியும் ஆச்சு, பெட்ரோல் போட்ட மாதிரியும் ஆச்சு. எனக்கு ஃபுல்லா அடிச்சிடும்மா.”

“நான்காம் வேற்றுமை ஐயா. பயமில்லை” என்றார் மொழி அலுவலர்.

பம்பக்கா குழாயைச் செருகினாள். மீட்டர் ஓடத் தொடங்கியது. தலைவர் ஒரு சிகரெட்டை உதட்டில் பொருத்திக்கொண்டார். சாட்சிப் பொருளாக எடுத்து வைத்திருந்த லைட்டரை வாங்கி, ஒட்டியிருந்த மணலை ஊதித் தள்ளினார்.

“சார், இங்க பத்த வைக்கக் கூடாது.”

“ஆங், அப்படித்தான். நீ உன் வேலையைப் பாரு.”

“சார், நான் நடிக்கலை. நெஜமாவே பெட்ரோல் போய்ட்டிருக்கு.”

“பிரமாதம்! முகத்துல அந்தப் பதட்டம் பாருங்க, எழுதிக்குங்க. எதையும் தத்ரூபமா பண்ணணும்.” கட்டைவிரல் சக்கரத்தில் ஏறியது.

தெருவோரத்திலிருந்து ஓர் அலறல் வந்தது. “ஐயோ சார், பத்த வெக்காதீங்க! டேங்க் தொறந்திருக்கு, பத்த வெக்காதீங்க!”

கத்தியது கார்க்காரர்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்வது கடினம். இன்ஸ்பெக்டர் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இருந்தார். மொழி அலுவலர் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. முதலாளி ஆபீசுக்குள் போய் மேஜைக்கு அடியில் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே நின்றது ஒருத்திதான். அவள் இடது கை எழும்பி இறங்கியது. பட்டென்று சத்தம். லைட்டர் தரையில் தெறித்து ஓடி, சாக்கடைக் கம்பிகளுக்கிடையே விழுந்தது. கீழே ‘தொபுக்’ என்று தண்ணீர் பதில் சொன்னது.

பம்பக்கா குழாயை எடுத்து மாட்டினாள். டேங்க்கை மூடினாள்.

“மூடியாச்சு. எல்லாரும் வரலாம் சார்.”

ஒவ்வொருவராகத் தலை காட்டினார்கள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்” என்றாள் அவள். “நீங்கல்லாம் ஓடினீங்களே, அது என்ன உள்நோக்கத்துல?”

டிரம்முக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்தார். “ஓடலைம்மா” என்றார் மெதுவாக. “கால் தவறிடுச்சு.”

பங்க் ஆபீசுக்குள்ளேயே வாரியம் அவசரமாகக் கூடியது. அவள் தட்டினாள் என்று எழுதினால், தட்டு வாங்கியவர் தலைவர் என்று எழுத வேண்டும். தலைவர் புகார்தாரரானால் தலைவராக இருக்க முடியாது. அதைவிடப் பெரிய வம்பு, பங்க்கில் லைட்டரைப் பற்ற வைக்கப் போவதற்கென்று தனியாக ஒரு குற்றம் இருந்தது. அதற்கு உள்நோக்கம்கூடத் தேவையில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்த தலைவர் தீர்மானத்தை வாசித்தார். “ஆய்வின்போது லைட்டர் தானாகவே கீழே விழுந்தது. யாரும் யாரையும் தட்டவில்லை. ஆய்வு என்பது சம்பவத்தை அப்படியே நடித்துக் காட்டியது. ஆகவே அன்றைய சம்பவத்திலும் லைட்டர் தானாகவே விழுந்திருக்க வேண்டும். வழக்கு முடிந்தது.”

“நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார்” என்றார் கார்க்காரர். முகம் வெளிறியிருந்தது.

“நடக்காத சம்பவத்துக்கு வாபஸ் எப்படி வாங்குவீங்க? பேசாம இருங்க.”

பம்பக்கா விடவில்லை. “தட்டினேன் சார். எழுதுங்க.”

“நீ தட்டவே இல்லைம்மா.”

“ரெண்டு தடவையும் தட்டினேன். தெரிஞ்சேதான் தட்டினேன்.”

“இல்லைன்னா இல்லை.”

“அப்ப உங்க மணிக்கட்டு ஏன் சார் செவந்திருக்கு?”

தலைவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். சம்பவம் நடக்கவில்லை என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் போடவில்லை. நாலு முறை நீட்டினார்கள். நாலு முறையும் பம்பக்கா தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடைசியில் அவள் கையெழுத்து இல்லாமலேயே வழக்கு முடிந்தது. கார்க்காரர் போகும்போது அவளருகே ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனார். பம்பக்காவுக்கு அது போதும். மனிதர்கள் பாதி வழி வந்தாலே மீதி வழியை ஆண்டவன் கூட்டிப் போய்விடுவான் என்று நம்புகிறவள் அவள்.

மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். வந்ததும் செய்த முதல் காரியம், காற்றுப் பிடிக்கும் ஆளிடம் பெயிண்ட் வாங்கித் தன் பம்புக்குப் பக்கத்துத் தூணில் பெரிதாக எழுதியதுதான்: ‘இங்கே பற்ற வைத்தால் தட்டப்படும். தெரிந்தே தட்டப்படும்.’ முதலாளி வந்து படித்தார். வேர்த்தார். அழிக்கச் சொல்ல வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரத்துக்குள் மற்ற பம்புகளின் தூண்களிலும் அது ஏறியிருந்தது.

சில நாட்கள் கழித்து ஒரு மதியம். வெயிலில் தெரு ஆளற்றுக் கிடந்தது. முதலாளி உள்ளே கண்ணயர்ந்திருந்தார். காற்றுப் பிடிக்கும் ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். பங்க்கின் ஓரமாக, மரத்தடியில், ஒரு ஸ்கூட்டர் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கொக்கியில் காவலரின் தொப்பிப் பை தொங்கியது. இருக்கையின் உயரத்தை வழக்கத்துக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். தூரத்து முச்சந்தியில் அந்த உயரக்காரி கையை நீட்டி வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம் இருந்தது.

பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது.

பம்பக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு காற்று மிஷினுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து குறடை எடுத்தாள். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய், டயரைச் சுற்றித் தடவி, புதைந்திருந்த ஆணியைப் பிடுங்கினாள். ஊசியால் துளைக்குள் ரப்பர் திரியைச் செருகி, மிச்சத்தை நறுக்கினாள். காற்றைப் பிடித்து, துளையின் மேல் தண்ணீர் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தாள். வரவில்லை.

வண்டியைப் பழைய இடத்திலேயே, பழையபடியே ஹேண்டிலை இடப்பக்கம் சாய்த்து நிறுத்தினாள். மட்கார்டில் பதிந்த தன் விரல் தடங்களை முந்தானையால் துடைத்தாள். ஆணியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. பம்பக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பம்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.